தபாலில் வந்த ஒலியியல்

இலக்கியத்தைத் தபாலில் படிக்கலாம். வரலாறு, பொருளாதாரம், சட்டம் என்று என்ன வேண்டுமானாலும் படிக்கலாம். ஒலியியலை எப்படிப் படிப்பது? தொண்ணூறுகளின் நடுவில் ஐதராபாத் சீஃபெல்லில் தொலைநிலைப் படிப்புக்கு நான் டிமாண்ட் டிராஃப்ட் எடுத்தபோது, எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பாதிக் கிண்டலும் பாதி அக்கறையுமாகக் கேட்ட கேள்வி இது. நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று காகிதம் சொல்லிவிடும், சரி. வைத்துவிட்டாயா இல்லையா என்று யார் பார்த்துச் சொல்வது? நியாயமான கேள்விதான். பணி ஓய்வும் பெற்றுவிட்ட பிறகு அதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. நாக்கைப் பழக்க ஐதராபாத்திலிருந்து வந்த பாடம் போதுமானதாக இருந்தது. காதைப் பழக்கியது வைத்திக்குப்பம்.

சீஃபெல் என்று நாங்கள் சொன்னது மத்திய ஆங்கில, அயல்மொழிகள் நிறுவனத்தை. ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர 1958இல் தொடங்கியபோது அதன் பெயரில் ஆங்கிலம் மட்டும்தான் இருந்தது. பிற அயல்மொழிகளும் சேர்ந்து 1972இல் பெயர் நீண்டது. 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமாகி, இப்போது பிள்ளைகள் இஃப்லு என்கிறார்கள். பணியில் இருக்கும் ஆசிரியர்கள் வேலையை விடாமல் படிப்பதற்காக அங்கே ஆங்கிலம் கற்பித்தலில் ஒரு முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பு தொலைநிலையில் நடந்தது. ஒலியியல், மொழியியல், இலக்கணம், கற்பிக்கும் முறை எல்லாம் அதில் அடக்கம். வீட்டில் படித்து, பயிற்சித் தாள்களை எழுதி அனுப்பி, பிறகு நேர்முக வகுப்புக்கு ஐதராபாத் போக வேண்டும்.

அதற்கு முன்பே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தபால்வழி எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன். சம்பளத்தை விடாமல் பட்டம் வாங்க நினைத்த புதுச்சேரிக்காரர்களுக்கு அதுதான் பழகிய தடம். அங்கே தொலைதூரக் கல்வி 1979இல் ஆரம்பித்தது. சிதம்பரமும் பேருந்தில் போய்வரக்கூடிய தூரம். ஆனால் எங்கள் காலத்து எம்.ஏ. பாடத்திட்டம் எதுவானாலும் மொழியியல் ஓரமாக ஒரு தாளாகத்தான் இருந்தது. ஆங்கில உயிரொலிகள் சில நூற்றாண்டுகளில் இடம்பெயர்ந்த வரலாற்றை ஒரு ஒலியைக்கூட வாயால் சொல்லிப் பார்க்காமல் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். வேடிக்கை என்னவென்றால், அதே அண்ணாமலை வளாகத்தில் அறுபதுகளிலேயே மொழியியலுக்கு உயராய்வு மையம் வந்துவிட்டது. தபாலில் படித்த எங்களுக்கு அது பக்கத்துத் தெருக் கல்யாணம் மாதிரி, மேளச்சத்தம் மட்டும் கேட்கும்.

எங்கள் வீடு வைத்திக்குப்பத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா கட்டுமரக்காரர். அண்ணன் ஃபைபர் போட்டுக்கு மாறினார். நான் வாத்தியாரானேன். புதுச்சேரிக்குச் சுற்றுலா வருபவர்கள் பார்ப்பது கூபேர் அவென்யூவையும் காந்தி சிலையையும். அங்கிருந்து வடக்கே வந்து, பட்டேல் சாலையைத் தாண்டி, குருசுக்குப்பத்தையும் தாண்டினால் நாங்கள். மீன் ஏலமும் வலை பழுது பார்ப்பதும் நடக்கும் கரை. பாடப் பொட்டலம் பழுப்புத் தாள் சுற்றி, சணல் கட்டி, புக் போஸ்ட்டில் வரும். கூடவே ஒலிநாடாக்கள். எங்களிடம் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. அதில் அதுவரை டி.எம்.எஸ். மட்டுமே பாடியிருந்தார்.

முதல் பாடமே காற்றைப் பற்றியது. ஆங்கிலத்தில் ஒரு சொல் வல்லினத்தில் தொடங்கி அந்த அசையில் அழுத்தமும் விழுந்தால், உதடோ நாக்கோ திறந்தவுடன் ஒரு சிறு காற்று வெடித்து வெளிவரும். பிறகுதான் உயிரொலி. தமிழ்ப் பகரத்தில் அந்தக் காற்று இல்லை. இதைச் சோதிக்கப் புத்தகம் சொல்லும் வழி எளிது. ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு நேராகத் தொங்கவிட்டுச் சொல்லைச் சொல்ல வேண்டும். ஆங்கில முறைப்படி சொன்னால் தாள் துள்ளும், தமிழ் முறைப்படி சொன்னால் அசையாது. ஆனால் இந்தச் சோதனையை எழுதியவர் கடற்கரையில் குடியிருந்தவர் அல்ல. எங்கள் வீட்டில் நான் வாயே திறக்காமல் தாள் ஆடிக்கொண்டிருந்தது. சன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, கதவிடுக்கில் துணி செருகி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, எழுதுகோலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அண்ணி வெளியிலிருந்து கேட்டார்: "இன்னாப்பா, உள்ள ஊதுபத்திய அணைக்கிறியா?"

அந்தத் தாள் துள்ளியதைவிட, அண்ணன் வாய்முன் அது துள்ளாததுதான் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது. பெட்ரோல், பம்ப், பைப் என்று அவர் தினமும் சொல்லும் சொற்களைச் சொல்லச் சொன்னேன். தாள் அசையவே இல்லை. என் மாணவர்கள் வாயிலும் அப்படித்தான். அதுவரை எனக்கு இது 'உச்சரிப்பு சரியில்லை' என்ற ஒற்றை வரியாக இருந்தது. இப்போது அதற்குள் ஒரு ஒழுங்கு தெரிந்தது. தமிழில் ஒரே ககரம் சொல்லின் முதலில் ஒரு விதம், மெல்லினத்துக்குப் பின் ஒரு விதம், இரண்டு உயிர்களுக்கு நடுவில் இன்னொரு விதம். கடல், சங்கு, பகல் என்று சொல்லிப் பாருங்கள். மூன்று ஒலி, ஒரே எழுத்து. எது எங்கே வரும் என்பது இடத்தைப் பொறுத்தது என்பதால் எழுத்து ஒன்றே போதும். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடுகளே சொற்பொருளை மாற்றிவிடும். எழுதுகோலைக் குறிக்கும் சொல்லையும் பெஞ்சமின் என்பவரைச் சுருக்கிக் கூப்பிடும் பெயரையும் நான் இந்தக் கட்டுரையில் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். காற்று வெடிக்காத நம் பகரத்தை இங்கிலாந்துக்காரர் கேட்டால், பல சமயம் பெஞ்சமினைத்தான் கூப்பிடுகிறோம் என்று எடுத்துக்கொள்வார்.

இதை 1964இலேயே அளந்து வைத்திருக்கிறார்கள். லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 11 மொழிகளின் சொல்முதல் வல்லொலிகளை எடுத்துக்கொண்டு, வாய் திறந்ததற்கும் குரல்நாண் அதிரத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார்கள். அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. ஆங்கிலப் பகரத்துக்குச் சுமார் 58 மில்லி விநாடி, தமிழுக்குச் சுமார் 12. அண்ணனின் பெட்ரோலுக்கும் லண்டன்காரரின் பெட்ரோலுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். அதை வைத்து ஒருவனை நாட்டுப்புறத்தான் என்று ஒதுக்கும் உரிமை ஒரு ஆங்கில ஆசிரியனுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதே கோபம் வந்தது. இன்னும் அது முழுக்கப் போகவில்லை.

பாடத்தோடு நான் வாங்கிய புத்தகம் டி. பாலசுப்ரமணியன் இந்திய மாணவர்களுக்காக எழுதிய ஆங்கில ஒலியியல் பாடநூல். மாக்மில்லன் வெளியீடு, 1981இல் வந்தது. தமிழ் மாணவன் எங்கே தடுக்குவான் என்று தெரிந்த ஒருவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்குப் பின்னால் 44 ஒலிகள்: மெய் 24, உயிர் 20. மெய் ஒவ்வொன்றுக்கும் மூன்று அடையாளம் சொல்ல வேண்டும். குரல்நாண் அதிர்கிறதா, எந்த இடத்தில் பிறக்கிறது, எப்படிப் பிறக்கிறது. இதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோதுதான், எங்கள் பள்ளித் தமிழாசிரியர் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "மூணாவது இயலைப் படிச்சிட்டு அப்புறம் உங்க வெள்ளைக்காரன்கிட்ட போங்க சார்" என்றார். பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று உறுப்புகளில் பொருந்தி எழுத்தாவதை அந்த இயல் வரிசையாகச் சொல்கிறது. 'இடம்', 'முறை' என்ற இரண்டு அடையாளமும் அங்கேயே இருக்கின்றன. 'தமிழன் அன்றே சொன்னான்' என்று மார்தட்டும் ஆள் நானல்ல. எனக்குப் பயன்பட்டது வேறு விதத்தில். அண்ணத்தை நுனிநா தொடுவதா, இடைநா தொடுவதா என்று தமிழில் யோசிக்கப் பழகியபின், ஆங்கிலப் பாடத்தின் குறுக்குவெட்டு வாய்ப்படங்கள் திடீரென்று புரிய ஆரம்பித்தன.

குற்றியலுகரமும் அப்படித்தான். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த இலக்கணம். அண்ணன் 'பஸ்ஸு', 'நெட்டு', 'போட்டு' என்று ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பின்னால் ஒரு அரை உகரம் வைக்கும்போதுதான், அது ஏட்டில் இல்லை, தெருவில் இருக்கிறது என்று தெரிந்தது. வல்லின மெய்யில் சொல்லை முடிக்கத் தமிழ் விடாது. அதனால் வாய் தானாகவே ஒரு ஒட்டு வைக்கிறது.

கோடை விடுமுறையில் நேர்முக வகுப்பு. சென்னை சென்ட்ரலில் சார்மினார் எக்ஸ்பிரஸ், காலையில் செகந்திராபாத், அங்கிருந்து நகரப் பேருந்தில் தார்நாக்கா. ஐதராபாத் வெயிலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி எழுத நிறைய உண்டு. கேரளம், ஒடிசா, வங்கம், மிசோரம், பீகார் என்று எல்லா மூலையிலிருந்தும் ஆசிரியர்கள். எல்லோருக்கும் பொது மொழி ஆங்கிலம். ஆளுக்கொரு ஆங்கிலம். முதல் நாள் உணவு வரிசையில் மிசோரம் ஆசிரியை சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. நான் சொன்னது வங்கத்துக்காரருக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் பல வருடம் ஆங்கிலம் நடத்தியவர்கள்!

இந்தச் சிக்கலை அந்த நிறுவனத்திலேயே ஆர். கே. பன்சல் என்பவர் ஆராய்ந்திருந்தார். 1969இல் வந்த அவருடைய ஆய்வு, இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்பது பற்றியது. புரியாமல் போவதற்குத் தனித்தனி ஒலிகளை விடவும், சொல்லில் அழுத்தம் தவறான அசையில் விழுவதே பெரிய காரணம் என்று அவர் காட்டியிருந்தார். இது எனக்குத் தலைகீழ்ச் செய்தி. நாங்கள் தனி ஒலிகளைத்தான் துரத்திக்கொண்டிருந்தோம். போட்டோகிராஃப், போட்டோகிராஃபர், போட்டோகிராஃபிக் என்ற மூன்றில் அழுத்தம் முதல் அசை, இரண்டாம் அசை, மூன்றாம் அசை என்று நகர்ந்துகொண்டே போகும். அழுத்தம் விலகிய அசையில் உயிரொலி வெளிறி, ஷ்வா என்ற அடையாளமற்ற முனகலாகிவிடும். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான். அதற்கென்று ஒரு எழுத்து நெடுங்கணக்கில் கிடையாது. எழுத்தைப் பார்த்து எல்லா அசையையும் சம மரியாதையோடு சொல்லும் நம் பழக்கம், கேட்பவனுக்குச் சொல்லின் உருவத்தையே மறைத்துவிடுகிறது. வாய்மொழித் தேர்வில் எனக்கு எதிரே இருந்தவர் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரோ என்று பார்த்தேன். தாளம் கேட்கிறார் என்று பிறகு தெரிந்தது.

ஊர் திரும்பியபின் எனக்கு ஒரு நல்ல கேட்பவர் கிடைத்தார். முத்தியால்பேட்டையில் ஒரு பெரியவர், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம். 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. இவருக்குத் தமிழ் வீட்டில், பிரெஞ்சு பள்ளியிலும் படையிலும், ஆங்கிலம் கடைசியில். "முசே, கொஞ்சம் இதைப் படிச்சுக் காட்டறீங்களா?" என்று ஆங்கிலச் சொற்பட்டியலை நீட்டினால் சந்தோஷமாகப் படிப்பார்.

அவர் வாய்முன்னும் தாள் துள்ளவில்லை. 'தாய்மொழித் தாக்கம்' என்று பயிற்சித் தாளில் எழுதியிருப்பேன். ஆனால் பிரெஞ்சு வல்லொலிகளுக்கும் அந்தக் காற்று கிடையாது. தமிழும் பிரெஞ்சும் அந்த விஷயத்தில் ஒரே கட்சி. ஹோட்டலை அவர் ஓட்டல் என்றார். பிரெஞ்சுக்காரர் ஹகரத்தை விழுங்குவார், சரி. என் அண்ணனும் ஓட்டல் என்றுதானே சொல்கிறார்? ஆக அது எந்த மொழியின் வேலை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு இடத்தில் மட்டும் தெளிவாகப் பிரிந்தது. அவர் பஸ் என்பார், பஸ்ஸு என்பதே இல்லை. சொல்லை மெய்யில் வெட்டி நிறுத்தப் பிரெஞ்சு அவருக்குப் பழக்கிவிட்டது. பாடநூல்களில் தமிழர் ஆங்கிலம், வங்காளியர் ஆங்கிலம் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். கட்டத்துக்குள் அடங்காத ஒருவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார்: "உனக்கு அந்தக் காத்து எதுக்குப்பா? நான் பாரீசுலயே அது இல்லாம சமாளிச்சிட்டேன்."

மொழியியல் பாடத்தில் என்னை உலுக்கியது வில்லியம் லபாவின் ஆய்வு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வின்யார்ட் என்று ஒரு தீவு. கோடையில் பணக்காரர்கள் வந்து குவிவார்கள். தீவின் ஒரு கோடியில் சில்மார்க் என்ற இடத்தில் மீனவர்கள். பல வருடம் அச்சு மை தயாரிக்கும் தொழிலில் வேதியியலாளராக இருந்துவிட்டு மொழி படிக்க வந்த லபாவ், 1961இல் அங்கே போய் 69 பேரிடம் பேட்டி எடுத்தார். அது அவருடைய எம்.ஏ. வேலை. 1963இல் கட்டுரையாக வந்தது. அவர் கவனித்தது இரண்டே இரண்டு கூட்டுயிர்கள், நம் ஐ, ஔ மாதிரியானவை. மீனவர்களிடம் அவற்றின் தொடக்கம் வாயின் நடுப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அது பழமையின் மிச்சமா? அப்படியானால் இளையவர்களிடம் குறைய வேண்டும். இளையவர்களிலேயே சிலரிடம் அதிகமாக இருந்தது. தீவிலேயே இருந்துவிட நினைப்பவர்களிடம் அதிகம், வெளியே போக நினைப்பவர்களிடம் குறைவு. வந்து போகும் கூட்டத்திடமிருந்து தங்களைப் பிரித்துக்கொள்ள ஒரு உயிரொலி!

இதை நான் படித்த திண்ணையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் வலை, மறுபக்கம் வாடகை ஸ்கூட்டரில் வழி கேட்டு நிற்கும் சுற்றுலாப் பயணி. ஐதராபாத்தில் உட்கார்ந்து படித்திருந்தால் தேர்வுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு என்று குறித்துக்கொண்டு போயிருப்பேன். இங்கே சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ழகரம் பேச்சில் யகரமாகும். மழை 'மய', பழம் 'பயம்'. அண்ணன் பிள்ளைகள் இருவர். பெரியவன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுக்குப் போனான். சின்னவன் வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு உணவகத்தில். சின்னவன் சென்னை ஆட்களிடம் பேசும்போது ழகரம் அழுத்தமாக வரும். கரைக்கு வந்து அண்ணனோடு வலையில் கை வைத்ததும் ஐந்து நிமிடத்தில் 'மய' ஆகிவிடும். பெரியவன்தான் சுவாரசியம். பள்ளியில் படித்தபோது என்னிடம் 'மழ' என்று சொன்ன பையன். படகில் ஒழுங்காகப் பங்கு வர ஆரம்பித்து, இதுதான் தொழில் என்று முடிவான பிறகு, வாத்தியார் சித்தப்பாவிடமும் யகரம்தான். தெரியாமல் அல்ல. தெரிந்தேதான். இரண்டு பேரை வைத்துச் சொன்னால் அது ஆய்வாகாது என்று லபாவ் படித்தவனுக்குத் தெரியும். ஆனால் ஒரு வகுப்பில் நாற்பது பையன்கள் ழகரத்தை மாற்றிச் சொல்லும்போது, நாக்கு வராததால்தான் என்று நினைக்கும் வழி எனக்கு அடைபட்டது.

மாசி மகம் வந்தால் இன்னொரு பாடம். மயிலம் முருகன், தீவனூர் பொய்யாமொழி விநாயகர், திண்டிவனம் நரசிம்மர் என்று சுற்றுப்பட்டுச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு எங்கள் கரைக்கு வருவார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு, "பக்தகோடிகள் அமைதியாக வரிசையில் நின்று இறையருள் பெற வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்." அதே குரல் அடுத்த நொடி, "எம்மா, செவப்புச் சட்ட போட்ட கொயந்த இங்க அய்துக்கினு நிக்குது, சீக்கிரம் வந்து இட்டுக்கினு போ." ஒரே ஆள், ஒரே ஒலிபெருக்கி, இரண்டு தமிழ். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதியபோது அரபு, நவீன கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹெய்தி கிரியோல் ஆகிய நான்கை விரிவாக எடுத்துக்கொண்டார். நான் பயிற்சித் தாளில் மாசி மக ஒலிபெருக்கியை எழுதி அனுப்பினேன். திருத்தியவர் ஓரத்தில் இன்னும் இரண்டு எடுத்துக்காட்டு கேட்டிருந்தார். இருநூறு கொடுத்திருக்க முடியும்.

இத்தனையும் வகுப்பறையில் என்ன செய்தது என்பதுதான் தொழில்காரன் சொல்ல வேண்டியது. சிவப்பு மை குறைந்தது. பிள்ளைகள் 'ஒன்லி'யை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். 'யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்.' நேற்றுதான் வந்தேன். தமிழில் 'தான்' எந்தச் சொல்லை அழுத்துகிறதோ அதன் பின்னால் ஒட்டும். பிள்ளையும் அதையே செய்கிறான். இலக்கணம் தெரியாதவன் அல்ல, ஒரு இலக்கணத்தை மிகச் சரியாக வேறொரு மொழியில் நடத்துகிறவன். அதைச் சொல்லித் திருத்தினால் அடுத்த முறை யோசிப்பான்.

'தி' என்ற சுட்டுச் சொல் எங்கே வரும் என்பது தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தீராத தலைவலி. விதிகளைப் பட்டியல் போட்டு எழுதிப் போடுவது வழக்கம். நான் வேறு வழியில் போனேன். கரும்பலகையில் 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' என்று இரண்டு எழுதி, வித்தியாசம் கேட்டேன். பின் வரிசையில் இருந்த பையன் சொன்னான்: "ரெண்டாவது, நமக்கு முன்னாடியே தெரிஞ்ச புக்கு சார்." அவ்வளவுதான், பாதிப் பாடம் முடிந்தது. தமிழில் 'ஐ' உருபு கேட்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'தி' போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆட்களைக் குறிக்கும் சொல்லுக்கு இது உதவாது, பையனைப் பார்த்தேன் என்றுதான் எப்போதும் சொல்வோம். அதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவனுக்கு அன்று நல்ல பெருமை.

கற்பிக்கும் முறைத் தாளில் படித்த என். எஸ். பிரபுவும் எனக்கு நெருக்கமானவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பக்கத்துச் சாதாரணப் பள்ளிகளில் அவர் நடத்திய திட்டத்தில் இலக்கணம் நேரடியாக நடத்துவதில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அதை முடிக்கும் முயற்சியில் மொழி வரட்டும் என்று விடுவது. அன்று புதுச்சேரிப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடநூலில் ஓடின. பாடத்தை முடிக்காமல் விளையாட்டு நடத்துவதாக என் மேல் புகார் போகக்கூடும். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் செய்தேன். நேர்கோட்டுத் தெருக்களும் நடுவில் வாய்க்காலுமாக இருக்கும் இந்த ஊர் அந்த வேலைக்கென்றே வரைந்த படம். வைத்திக்குப்பத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு ஒரு வெளியூர்க்காரருக்கு ஆங்கிலத்தில் வழி சொல்ல வேண்டும் என்றேன். ஒரு பையன் கடலோரமாகவே நடக்கச் சொன்னான். பக்கத்திலிருந்தவன், "ஹீ ஹேஸ் லக்கேஜ், யூ டோன்ட் ஹேவ் ப்ரெய்ன்?" என்றான். ஆண்டு முழுவதும் வாய் திறக்காத பிள்ளை அவன். கேள்வி வாக்கியத்தின் அமைப்பைப் பற்றி அன்று நான் எதுவும் பேசவில்லை.

இப்போது நிலைமை வேறு. 2017, 2020 விதிமுறைகளால் பல்கலைக்கழக மானியக் குழு தொலைநிலைப் படிப்புகளை இறுக்கிவிட்டது. சேரும் முன் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. ஒலிநாடா போய்விட்டது. எங்கள் தெருவில் ஒரு இளம் ஆசிரியை இக்னோவில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். அதில் மொழி பற்றிய தாள் முதலாண்டிலேயே வருகிறது. அதில் பிடிப்பு வந்து, என்னிடம் லபாவைக் கேட்டு வாங்கிப் போனாள். கைபேசியில் பதிவு செய்து, ஆம்ஸ்டர்டாம்காரர்கள் இலவசமாகத் தரும் ப்ராட் மென்பொருளில் போட்டு, அந்த மில்லி விநாடிகளைத் திரையில் அளந்து காட்டுகிறாள். சன்னலைச் சாத்தி உட்கார்ந்த நான் பொறாமைப்படாமல் என்ன செய்வேன்?

என் பெரியவன், சின்னவன் கதையைச் சொன்னேன். இரண்டு பேர் போதாது, முப்பது பேராவது வேண்டும் என்றாள். சரி, முப்பது பேர் உட்கார்ந்து பேச நேரம் எப்போது என்பதில்தான் இப்போது இழுபறி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள், வலை தைத்துக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார்கள். ஆனால் இக்னோ தேர்வு ஜூனில். ஃபைபர் போட்டுக்காரர்களுக்குத் தடை கிடையாது, அவர்கள் விடியலில் போய்விட்டு ஏலம் முடித்துத் தூங்கப் போய்விடுவார்கள். மழைக்காலத்தில் கடல் அடங்காத நாட்களில் எல்லோரும் கிடைப்பார்கள், ஆனால் அலைச் சத்தத்தில் பதிவு ஒன்றுக்கும் உதவாது. தேர்வை டிசம்பருக்குத் தள்ளிப் போட்டுவிட்டுத் தடைக்காலத்தில் பதிவை முடி என்று நான் சொல்கிறேன். அவள் அப்பா ஒப்புக்கொள்ள வேண்டும். அவரும் விசைப்படகுக்காரர்தான், முப்பதில் ஒருவர்.